புதிதாகக் கட்டிய படகு இன்ஜினில் டேப்பெட் சத்தம்: ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்களைத் தேர்ந்தெடுத்து மாற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

முழுதாகப் பிரித்து, வேலை பார்த்து, மீண்டும் கட்டிய இன்ஜினை முதன்முதலாக ஓடவிடும்போது ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் சிறு நெம்புகோல்) மூடியின் அடியிலிருந்து விடாமல் 'டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்டால், பெரும்பாலோர் உடனே புதிய லிஃப்டர்களுக்கு (கேமின் தூக்கத்தை வால்வின் பக்கம் கடத்தும் டேப்பெட்டுகளுக்கு) ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் வாங்கும் வேலை பாதி வழிக்கு மேல்தான் வருகிறது. இன்ஜினைக் கட்டும்போது பிளாக்கின் மேல்முகம், ஹெட், கேம்ஷாஃப்ட், வால்வு உட்காரும் இடம் ஆகிய எல்லாவற்றின் உயரமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கும். அந்த மாற்றத்தை அளக்காமல் வாங்கிய லிஃப்டர் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், பழையதைப் போலவே சத்தம் போடும்.

இங்கே சொல்லப்படுவது கார் இன்ஜினை அடிப்படையாகக் கொண்ட, புஷ்ராட் வகை (லிஃப்டரின் தூக்கத்தை ஒரு நீண்ட கம்பி ராக்கருக்குக் கொண்டுபோகும் வகை) வி8, வி6 பெட்ரோல் படகு இன்ஜின்களுக்குப் பொருந்தும். மெர்க்ரூசர், வால்வோ பென்டா போன்ற பெயர்களில் வந்த பல இன்ஜின்களின் உள்ளே இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே வகை பிளாக். பழைய படகுகள் சிலவற்றில் ஃபோர்டு பிளாக்கும் உண்டு. எந்த பிளாக் என்பதை மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், பிளாக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கும் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

லிஃப்டரின் உள்ளே நடப்பது

கேமின் மேட்டின் மீது உருளும் ஒரு சிறு சக்கரம், அதைத் தாங்கும் உருளை வடிவ உடல், அந்த உடலுக்குள் மிக நெருக்கமாகப் பொருந்தி மேலும் கீழும் நகரும் பிளஞ்சர், பிளஞ்சரின் அடியில் ஒரு ஸ்பிரிங், ஆயிலை உள்ளே மட்டும் விடும் ஒருவழி வால்வு, மேலே புஷ்ராட் உட்காரும் கிண்ணம், எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் சர்க்ளிப் ஆகியவையே ஒரு ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டரின் பாகங்கள். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் ஆயில் பிளஞ்சரின் அடியிலுள்ள அறையை நிரப்பி இடைவெளியை எடுத்துவிடுகிறது. கேம் தூக்கும்போது ஒருவழி வால்வு அடைபட, சிக்கிய ஆயில் திடப்பொருளைப் போல நின்று வால்வைத் திறக்கிறது. பிளஞ்சருக்கும் உடலுக்கும் இடையே மிகச் சிறிய அளவு ஆயில் கசிவது திட்டமிட்டே வைக்கப்பட்ட ஏற்பாடு. அந்தக் கசிவு அதிகமானாலோ, ஆயிலில் காற்றுக் குமிழி கலந்தாலோ, பிளஞ்சர் தன் நகர்வு எல்லைக்குள் இல்லாமல் போனாலோ இடைவெளி தோன்றும். நாம் கேட்பது அந்த இடைவெளி மூடும் சத்தத்தைத்தான்.

முதல் படி: சத்தம் லிஃப்டருடையதுதானா?

கேம்ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், 700 சுற்று ஐட்லிங்கில் ஒரு லிஃப்டர் நிமிடத்துக்கு 350 முறை, அதாவது நொடிக்குச் சுமார் ஆறு முறை தட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இன்ஜினில் டைமிங் லைட்டை ஒரு பிளக் வயரில் மாட்டினால், அதன் ஒளி இரண்டு கிராங்க் சுற்றுக்கு ஒரு முறை மின்னும். ஒளி ஒரு முறை மின்னும்போது சத்தமும் ஒரு முறை வந்தால் அது கேம் வேகத்தில் எழும் சத்தம். இரண்டு முறை வந்தால் கிராங்க் பக்கத்துச் சத்தம். அப்படியென்றால் லிஃப்டரை மறந்துவிட்டு உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் கனெக்டிங் ராட் பேரிங் அவ்வளவு பொறுமையாகக் காத்திருக்காது.

கேம் வேகத்தில் வரும் எல்லாச் சத்தமும் லிஃப்டருடையது என்றும் சொல்ல முடியாது. கேமால் இயங்கும் பெட்ரோல் பம்ப் அதே வேகத்தில் தட்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிவு டேப்பெட் சத்தத்தை அப்படியே நகல் எடுத்தது போலக் கேட்கும். ஆனால் அது குளிர்ந்த இன்ஜினில் கூடுதலாகவும், சுமை ஏறும்போது உரக்கவும், சூடானதும் குறைந்தும் கேட்கும் இயல்புடையது. நான் ஒருமுறை 16 லிஃப்டர்களையும் மாற்றி முடித்த பிறகே அந்தக் கசிவைக் கண்டுபிடித்தேன் என்பதால், இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். மூடிய இன்ஜின் அறையில் எக்ஸாஸ்ட் கசிவு என்பது கார்பன் மோனாக்சைடு ஆபத்தும்கூட.

நீண்ட ஸ்குரூடிரைவரின் நுனியை ராக்கர் மூடியின் ஸ்குரூக்கள் மீது ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியைக் காதருகே பிடித்துக் கேட்டால் எந்தப் பக்கம் என்று தெரியும். பெல்ட்டிலிருந்து கையும் உடையும் விலகியிருக்க வேண்டும். பிறகு மூடியைக் கழற்றி, குறைந்த ஐட்லிங்கில் ஓடவிட்டு, ராக்கரின் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்தால், சத்தம் நின்றோ மாறியோ போகும் இடமே குற்றவாளி. இன்ஜினைச் சூட்டோடு நிறுத்தியதும், அந்த வால்வு மூடிய நிலையில் ராக்கரின் புஷ்ராட் பக்கத்தை அழுத்திப் பார்த்து மற்ற லிஃப்டர்களோடு ஒப்பிடலாம். நல்ல லிஃப்டர் எதிர்த்து நிற்கும். பழுதானது பஞ்சு போல அமுங்கும்.

நீண்ட நாள் நிறுத்தி வைத்த பிறகு ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் மட்டும் வந்து மறையும் சத்தத்துக்கு எந்த வைத்தியமும் தேவையில்லை.

இரண்டாம் படி: ஆயில்

படகில் இன்ஜின் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். அந்தச் சாய்வுக்கு ஏற்ப டிப்ஸ்டிக்கில் குறியிடப்படவில்லை என்றால், சரியான அளவு என்று நினைத்து ஊற்றியது உண்மையில் கூடுதலாகி, கிராங்க் அதை நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் லிஃப்டருக்குள் போனால் அமுங்கும், ஆகவே தட்டும். கையேடு சொல்லும் லிட்டர் கணக்கை அளந்து ஊற்றி, படகு தண்ணீரில் நிற்கும் நிலையில் டிப்ஸ்டிக்கில் புதுக் குறி போட்டுக்கொள்வதே நம்பகமான வழி.

ஆயிலின் தடிமன் அடுத்தது. மெர்க்ரூசர் பெட்ரோல் இன்ஜின்களுக்கு மெர்க்குரி நிறுவனம் பரிந்துரைக்கும் 25டபிள்யூ-40 மரைன் ஆயிலுக்குப் பதிலாகக் காருக்கான மெல்லிய ஆயிலை ஊற்றினால், நீண்ட நேரம் உயர் சுற்றில் ஓடி ஆயில் சூடேறிய பிறகு லிஃப்டரின் கசிவு கூடும். எஃப்.சி-டபிள்யூ என்ற முத்திரை நான்கு ஸ்ட்ரோக் மரைன் ஆயில்களுக்கு வழங்கப்படுவது. துருத் தடுப்புச் சோதனையும் அதில் அடக்கம் என்பதால், ஈரத்தில் மாதக்கணக்கில் நிற்கும் ரோலர் சக்கரங்களுக்கு அது பொருள் உள்ள முத்திரை.

ஆயில் அழுத்தத்தைப் படகின் டேஷ்போர்டு மீட்டரில் பார்த்து முடிவு செய்யாமல், இயந்திர வகை கேஜ் ஒன்றை நேரடியாகப் பிளாக்கில் மாட்டி, சூடான நிலையில் அளக்க வேண்டும். ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு. அதற்கும் கீழே இறங்கினால், டைமிங் மூடிக்குப் பின்னால் ஆயில் கேலரியின் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழியின்) பிளக் ஒன்று போடாமல் விடுபட்டிருக்கலாம், அல்லது கேம் பேரிங் துளை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். அழுத்தக் குறைவைப் புதிய லிஃப்டர் தீர்க்காது. கடைசியாக, ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மின்னும் துகள்கள் இருந்தால், ஏதோ ஒரு ரோலரின் ஊசி பேரிங்கோ கேம் மேடோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. அப்போது லிஃப்டரோடு வேலை முடியாது, சம்ப்பையும் (அடியிலுள்ள ஆயில் தொட்டியையும்) கழற்ற வேண்டும்.

மூன்றாம் படி: உயரங்களை அளப்பது

பிளஞ்சரின் மொத்த நகர்வு பெரும்பாலான சாதாரண லிஃப்டர்களில் 4 முதல் 5 மி.மீ. வரை இருக்கும். வால்வு மூடியிருக்கும்போது பிளஞ்சர் மேலே சர்க்ளிப்பைத் தொடாமல், 0.5 முதல் 1.5 மி.மீ. வரை உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். இந்த அமுக்கத்தையே பிரீலோட் என்கிறோம். அது இல்லாமல் போனால் சத்தம். அளவுக்கு மீறினால் சத்தம் இருக்காது, ஆனால் வால்வு முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் குறைந்து, எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அமைதியான தவறு சத்தமான தவறை விட மோசமானது.

லேத் பட்டறையில் நடந்த ஒவ்வொரு வேலையும் இந்த எண்ணை ஒரு பக்கம் இழுக்கிறது. பிளாக்கின் முகத்திலும் ஹெட்டின் முகத்திலும் கால் மி.மீ. வீதம் சீவியிருந்தால் ராக்கர் அரை மி.மீ. கீழே இறங்கி, பிரீலோட் கூடும். வால்வு சீட்டை ஆழமாக அரைத்திருந்தால் வால்வுத் தண்டின் நுனி மேலே எழும்பி, ராக்கரின் மறுமுனை தாழ்ந்து, அங்கேயும் பிரீலோட் கூடும். தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டால் குறையும். பழைய கேமையே மறுபடி அரைத்து வாங்கியிருந்தால் அதன் அடிவட்டம் (மேடு இல்லாத வட்டப் பகுதி) சிறுத்திருக்கும், லிஃப்டர் அந்த அளவுக்குக் கீழே இறங்கி நிற்கும், பிரீலோட் குறையும். கட்டிய பிறகு சத்தம் வரும் இன்ஜின்களில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கடைசிக் காரணத்தைத்தான். பில்லில் 'கேம் கிரைண்டிங்' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும், எவ்வளவு எடுத்தார்கள் என்று இருக்காது.

ராக்கர் ஸ்டட்டின் நட்டைத் திருகிச் சரிசெய்யும் இன்ஜினில் இந்த வேறுபாடுகளை நட்டே விழுங்கிக்கொள்ளும் என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் உண்மை. புஷ்ராடின் நீளம் தவறாக இருந்தால் ராக்கரின் நுனி வால்வுத் தண்டின் நடுவில் உருளாமல் ஓரத்தில் தேய்க்கும். தண்டின் தலையில் மார்க்கர் மை பூசி, கிராங்க்கைக் கையால் இரண்டு முறை சுற்றினால், மை அழிந்த கோடு நடுவில் மெல்லியதாக விழுகிறதா என்று தெரிந்துவிடும். ராக்கரை நேரடியாகப் பீடத்தில் முறுக்கும் வகையில் சரிசெய்யும் வசதியே கிடையாது. நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராடால் அளந்து, 0.050 அங்குல இடைவெளிகளில் கிடைக்கும் நீளங்களிலிருந்து பொருத்தமானதை வாங்குவது மட்டுமே வழி.

லிஃப்டர் நகரும் துளைகளையும் இப்போதே அளந்துவிட வேண்டும். துளைக்கும் லிஃப்டருக்கும் இடையே 0.025 முதல் 0.05 மி.மீ. வரை இடைவெளி இருப்பது வழக்கம். அதை மீறிப் பல துளைகள் தேய்ந்திருந்தால், ஆயில் அங்கேயே ஒழுகிவிடும்.

நான்காம் படி: எதை வாங்குவது

முதல் கேள்வி கேம் எந்த வகை என்பது. சக்கரம் இல்லாத, அடி தட்டையான பழைய வகை லிஃப்டருக்கான (தட்டை லிஃப்டர்) கேம் வார்ப்பிரும்பில் செய்யப்பட்டு, லிஃப்டர் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்காக அதன் மேடு லேசாகச் சரிவாக அரைக்கப்பட்டிருக்கும். அதன் மீது ரோலர் லிஃப்டரை ஒருபோதும் வைக்கக் கூடாது. சக்கரம் மேட்டின் ஓரத்தில் மட்டும் தொட்டு, விரைவில் இரண்டும் அழியும். ரோலருக்கு மாறுவதென்றால் ரோலர் கேம், அது முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் தகடு அல்லது முன்பக்கப் பொத்தான், கேமின் உலோகத்துக்கு ஒத்துப்போகும் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் ஆகியவையும் சேர்ந்தே மாற வேண்டும்.

இரண்டாவது கேள்வி, பிளாக் தொழிற்சாலையிலேயே ரோலருக்காக வார்க்கப்பட்டதா என்பது. ரோலர் லிஃப்டர் துளைக்குள் சுழலவே கூடாது. சுழன்றால் சக்கரம் குறுக்காகத் திரும்பிக் கேமைச் செதுக்கிவிடும். ஷெவர்லே சிறு பிளாக்கில் 1987 முதல் கார்களுக்கு வந்த ரோலர் ஏற்பாட்டில், லிஃப்டரின் தலையில் உள்ள தட்டையான பக்கங்களை எலும்பு வடிவத் தகடு ஒன்று இரண்டிரண்டாகப் பிடித்துக்கொள்ள, நடுவில் சிலந்தி போன்ற ஸ்பிரிங் தகடு அவற்றை அமுக்கி நிற்கும். படகு இன்ஜின்களில் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் தட்டை லிஃப்டரே தொடர்ந்தது. சில பிளாக்குகளில் அந்தச் சிலந்தித் தகட்டுக்கான மேடைகள் வார்க்கப்பட்டும் துளையிடப்படாமலேயே வந்தன. ஆகவே ஆண்டை நம்பாமல், இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கிக் கண்ணால் பார்ப்பதே சரி. ஃபோர்டு 5.0 லிட்டர் கார் இன்ஜினில் இதே போன்ற ஏற்பாடு 1985 முதல் உண்டு. பழைய வகை பிளாக்காக இருந்தால், இரண்டு லிஃப்டர்களைக் குறுக்குப் பட்டையால் இணைத்த ஜோடி லிஃப்டர்களே பொருந்தும்.

விட்டம் அடுத்தது. ஷெவர்லே வகைக்கு 0.842 அங்குலம், அதாவது 21.4 மி.மீ.; ஃபோர்டுக்கு ஏறத்தாழ 0.875 அங்குலம், அதாவது 22.2 மி.மீ. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது என்பது கையில் எடுத்ததுமே தெரியும் என்பதால் இதில் தவறு அரிது. தவறு நடப்பது கிண்ணத்தின் உயரத்தில். சக்கரத்தின் அடியிலிருந்து புஷ்ராட் உட்காரும் இடம் வரையுள்ள உயரம் ஒவ்வொரு வகையிலும் வேறுபடும். ஷெவர்லே சிறு பிளாக்கில் தட்டை லிஃப்டருக்கு 7.8 அங்குலப் புஷ்ராடும், தொழிற்சாலை ரோலருக்கு ஏறத்தாழ 7.2 அங்குலப் புஷ்ராடும் பயன்படுவதற்குக் காரணம் இதுவே. 'உங்கள் இன்ஜினுக்குப் பொருந்தும்' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், பழைய லிஃப்டரையும் புதியதையும் அருகருகே நிறுத்தி இந்த உயரத்தை அளந்த பின்பே பழைய புஷ்ராடைத் திரும்பப் போட வேண்டும்.

அடிவட்டம் சிறுத்த கேமில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. லிஃப்டர் வழக்கத்தை விடக் கீழே இறங்குவதால், அதன் தட்டைப் பக்கங்கள் எலும்புத் தகட்டின் பிடியிலிருந்து நழுவிச் சுழலக்கூடும். உடலின் நடுவிலுள்ள ஆயில் பள்ளமும் துளையின் கீழ் விளிம்புக்கு வெளியே வந்து அழுத்தத்தை ஒழுகவிடும். லிஃப்டரை அடிவட்டத்தில் ஒரு முறையும், முழுத் தூக்கத்தில் ஒரு முறையும் நிறுத்தி இவ்விரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள் வடிவமைப்பைப் பொறுத்தவரை என் தேர்வு எளிமையானது. உல்லாசப் படகுக்குச் சாதாரணக் கசிவு வேகமும் முழு நகர்வும் கொண்ட, மூல வடிவத்தையே பின்பற்றும் லிஃப்டர் போதும். விரைவாகக் கசியும் வகை, நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் பந்தயக் கேமுக்காகச் செய்யப்பட்டது. ஐட்லிங்கில் தட்டுவது அதன் பிறவிக் குணம். குறுகிய நகர்வு கொண்ட வகை அதிக சுற்றில் நன்றாக நிற்கும் என்றாலும், பிரீலோடைத் துல்லியமாக வைக்காவிட்டால் அதுவும் தட்டும். சத்தத்தைப் போக்க வந்தவர் இவ்விரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது. ஊசி பேரிங்குக்குப் பதிலாகப் புஷ் வைத்த சக்கரங்களும் கிடைக்கின்றன. உடைந்தால் இன்ஜினுக்குள் ஊசிகள் சிதறாது என்பது அதன் நன்மை, இடைவிடாத ஆயில் வரத்து வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

வால்வு ஸ்பிரிங்குகளும் கேமின் குறிப்புத்தாளில் உள்ள அழுத்தத்தில் இருக்க வேண்டும். படகு இன்ஜின் காரைப் போல இறக்கத்தில் ஓய்வெடுப்பதில்லை. 4000 சுற்றுக்கு மேல் மணிக்கணக்கில் சுமையோடு ஓடும்போது தளர்ந்த ஸ்பிரிங், கேமைப் பின்தொடர முடியாமல் வால்வை மிதக்கவிடும், அந்த இடைவெளியைப் பிளஞ்சர் நிரப்பிக்கொண்டு வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்ளும்.

இரட்டை இன்ஜின் படகில் ஒரு இன்ஜின் எதிர்த்திசையில் சுற்றினால் அதற்குத் தனி லிஃப்டர் தேட வேண்டாம். கேமும் அதை இயக்கும் கியர்களும்தான் மாறும்.

வி8-க்கு 16, வி6-க்கு 12 என்று முழுத் தொகுதியாகவே வாங்குவேன். ரோலர் லிஃப்டர்களை நல்ல நிலையில் இருந்தால் புதிய கேமோடும் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒன்று கெட்ட அதே ஆயிலில்தான் மற்றவையும் ஓடியிருக்கின்றன. வந்தவுடன் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரால் அளந்து, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, உணரக்கூடிய ஆட்டம் இருப்பதைத் திருப்பி அனுப்ப வேண்டும். உள்ளே பார்க்கும் ஆசையில் பல லிஃப்டர்களை ஒன்றாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பிளஞ்சரும் அதனதன் உடலுக்கே இணை சேர்க்கப்பட்டது.

ஐந்தாம் படி: பொருத்துவதும் சரிசெய்வதும்

துளைகளைச் சுத்தமான துணியால் துடைத்து, லிஃப்டர்களை இன்ஜின் ஆயிலில் நனைத்து, விரலாலேயே இறக்க வேண்டும். தட்டி இறக்க நேர்ந்தால் துளையில் பிசிறு இருக்கிறது என்று பொருள். எலும்புத் தகட்டின் மேற்பக்கக் குறி மேலே இருக்கட்டும். இணைப்புப் பட்டை வகையில் பட்டை எந்தப் பக்கம் வர வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் அவர்களின் தாளையே பின்பற்ற வேண்டும்; பட்டை பிளாக்கில் எங்கும் உரசக் கூடாது.

சரிசெய்யும் வரிசையில் குழப்பமில்லாத வழி இது: ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கத் தொடங்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக் வால்வையும், இன்டேக் வால்வு முழுதாகத் திறந்து ஏறக்குறைய மூடி முடிக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வையும் சரிசெய்ய வேண்டும். நட்டை இறக்கும்போது புஷ்ராடை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்ப்பதே பலரின் பழக்கம். உள்ளேயுள்ள ஸ்பிரிங் மென்மையானது என்பதால், உருட்டல் இறுகும்போது பிளஞ்சர் ஏற்கெனவே அமுங்கத் தொடங்கியிருக்கும். மேலும் கீழும் ஆட்டி, ஆட்டம் மறையும் அந்தக் கணத்தையே இடைவெளியற்ற நிலையாகக் கொள்ளுங்கள். அங்கிருந்து கையேடு சொல்லும் சுற்று. அங்குலத்துக்கு 24 மரை கொண்ட 3/8 அங்குல ஸ்டட்டில் அரைச் சுற்று நட்டை அரை மி.மீ. போல இறக்கும், 1.5 விகித ராக்கரில் அது பிளஞ்சரிடம் ஏறத்தாழ 0.9 மி.மீ. ஆகிறது. அதனால்தான் அரை, முக்கால் சுற்று என்ற கணக்குகள் நடைமுறையில் சரியாக வருகின்றன.

ஆயில் நிரம்பிய லிஃப்டரில் நட்டை இறுக்கினால் பிளஞ்சர் உடனே அமுங்காமல் வால்வே திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட நிலையில் கால் மணி நேரமாவது விட்டு, பிறகே கிராங்க்கைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் வால்வு பிஸ்டனைத் தொடக்கூடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, ஆயில் பம்பை டிரில் மூலம் சுற்றி, எல்லா ராக்கர்களிலும் ஆயில் வரும்வரை ஓட்ட வேண்டும். இடையிடையே கிராங்க்கைக் கால் சுற்றுத் திருப்புவது நல்லது. வழக்கமான சுழற்சி கொண்ட ஷெவர்லே இன்ஜினில் டிரில் பம்பைச் சுற்ற வேண்டியது வலச்சுற்றாக. அந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே ஆயில் கேலரியின் ஒரு பக்கத்தை அடைக்கும் பாகமாகவும் இருப்பதால், வெறும் கம்பியால் சுற்றினால் ஆயில் அங்கேயே கொட்டிவிடும், ஒரு பக்க ராக்கர்கள் உலர்ந்தே நிற்கும். காலர் உள்ள கருவி அல்லது பல் நீக்கிய பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும்.

ஆறாம் படி: முதல் ஓட்டம்

பில்ஜ் புளோயரை (படகின் அடிப்பகுதியில் சேரும் பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறியை) குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று மூக்காலும் உறுதி செய்த பிறகே சாவியைத் திருக வேண்டும். கரையில் ஓட்டுவதானால் குளிர்விக்கும் தண்ணீர் இணைப்பு இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து கிழியும். தட்டை லிஃப்டருக்குத் தேவையான, 2000 சுற்றில் 20 நிமிட ஓட்டம் போன்ற கேம் பழக்கும் சடங்கு ரோலருக்கு இல்லை. புதிய பிஸ்டன் ரிங்குகளுக்காகக் கையேடு சொல்வதைப் பின்பற்றினால் போதும்.

முதல் சில நிமிடங்கள் இரண்டு மூன்று லிஃப்டர்கள் தட்டுவது இயல்பு. சுற்றை 1500-க்கும் 2000-க்கும் இடையே வைத்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். அரை மணி நேரம் கழித்தும் ஒன்று மட்டும் நிற்காவிட்டால், அந்த நட்டைக் கால் சுற்று மட்டும் இறக்கி, இன்ஜின் ஓட்டம் சீரடையும்வரை காத்திருந்து கேளுங்கள். அதற்கும் அடங்காததைப் பக்கத்துத் துளையின் லிஃப்டரோடு இடம் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும்: சத்தம் லிஃப்டரோடு நகர்ந்தால் அந்த ஒன்றை உத்தரவாதத்தில் திருப்பலாம், அதே இடத்திலேயே நின்றால் அந்தத் துளையையும், அந்தப் புஷ்ராடையும், அந்தக் கேம் மேட்டையும் டயல் கேஜ் வைத்து மீண்டும் அளக்க வேண்டும்.